பொன் பூசப்படாத இலங்கை

வடநாட்டுக் கோயில்களில் அனுமன் மேனி முழுவதும் பூசும் செந்தூரம் ஈயத்தின் பிள்ளை. ஈயத்தை உருக்கிக் காற்றுப்பட வறுத்தால் முதலில் மஞ்சள் நீறு கிடைக்கும். அந்நீற்றை 450 பாகை செல்சியசுக்கு அண்மையான வெம்மையில் நெடுநேரம் கிளறிக்கொண்டிருந்தால் செம்மஞ்சள் ஒளிரும் பொடியாகும். அப்பொடிக்கு இலத்தீனில் மினியம் என்று பெயர். ஐரோப்பிய மடங்களில் ஏடெழுதியோர் தலையெழுத்துகளை இதனால் சிவப்பித்தனர். அத்தொழிலின் பெயர் நாளடைவில் ஏட்டுக்குள் தீட்டிய படங்களுக்கு ஆயிற்று. மினியேச்சர் என்ற சொல் அவ்வழியே வந்தது. சிறியது என்ற பொருள் ஒலியொப்புமையால் பின்னர் வந்து ஒட்டிக்கொண்டது. தமிழில் நாம் சிற்றோவியம் என்னும்போது அளவைச் சொல்கிறோம். மேனாட்டுச் சொல்லின் பழைய உள்ளுறையோ ஒரு பொருளைச் சொல்கிறது; மண்ணிலிருந்து தோண்டி, நெருப்பில் வெந்து, கல்லில் அரைபட்ட பொருளை. இராமாயண பாரதக் காட்சிகளைத் தாளில் தீட்டிய இந்திய ஓவியங்களை நான் அணுக விரும்புவதும் அந்த வாயில் வழியாகவே.

இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் பிறந்தவனுக்கு இந்த விருப்பம் வந்ததற்குக் காரணம் உண்டு. எங்கள் லயத்துக் காம்பராவின் சுவரில் இராமர் பட்டாபிடேகப் படம் ஒன்று தொங்கியது. கடையில் வாங்கிய அச்சுப் படம். தைப்பொங்கலுக்கு முதல்நாள் அப்பாயி ஈரத்துணியால் அதன் கண்ணாடியைத் துடைப்பார். வெளியே படிந்த அடுப்புக்கரி போகும். உள்ளே படர்ந்த பூஞ்சணம் போகாது. "சீதையம்மா மொகம் வருசத்துக்கு வருசம் மங்குது, ராமரு மட்டும் அப்படியே நிக்கிறாரு" என்பார். அவர் கண்டது உண்மை. மலிவான அச்சு மைகளில் மஞ்சளும் செஞ்சாயமும் ஒளிபட்டு முதலில் சிதையும். செப்பணுவை நடுவில் கொண்ட நீலச் சாயம் அசையாமல் நிற்கும். வெயில்பட்ட பழைய படங்கள் எல்லாம் நீலமேறித் தோன்றுவது இதனால்தான். இராமன் நிலைத்தான், சீதை மங்கினாள். இதற்கு வேதியியல் காரணம் உண்டு என்று நான் அறிந்தபோது அப்பாயி இல்லை.

எங்கள் ஊரிலிருந்து நானுஓயா வழியாக நுவரெலியா ஏறி, வெலிமடைச் சாலையில் சிறிது இறங்கினால் சீதாஎலிய. ஓடையோரம் சீதையம்மன் கோயில். அங்குள்ள மண் கருமையானது; அனுமன் வாலில் இட்ட தீ பட்டுக் கருகியது என்பது வழிவழி வந்த நம்பிக்கை. குளிர்ந்த ஈர உயரங்களில் இலைதழை மெல்ல மக்கி, மக்கு மண்ணில் தேங்கிக் கருமையேற்றும் என்பது மண்ணியலார் கூற்று. அருகே நிற்கும் அக்கலை மலை, மருந்துமலையைச் சுமந்துவந்த அனுமன் கையிலிருந்து சிந்திய துண்டு என்பர். அதன் அடிவாரத்துத் தாவரப் பூங்கா 1861ஆம் ஆண்டு மருந்து மரமாகிய சிங்கோனாவை வளர்க்கத் தொடங்கப்பட்டது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். மலையகத்தாருக்கு இலங்கை ஏட்டுப்பெயர் அன்று. நாள்தோறும் கொழுந்து கிள்ளும் சரிவு. அச்சரிவைக் கண்ணால் காணாத ஓவியர் அதனை எவ்வாறு தீட்டினர், எதனால் தீட்டினர்?

இதிகாசங்களைத் தாளில் தொடர்படங்களாகத் தீட்டும் பெருமுயற்சிக்கு அக்பரின் அவை உரம் இட்டது. 1582இல் மகாபாரதத்தைப் பாரசீகத்தில் பெயர்க்க அவர் ஆணையிட்டார். இரசுமநாமா என்ற பெயரில் அது படங்களோடு உருவாயிற்று. இராமாயணமும் பெயர்க்கப்பட்டது. அடுத்த நூற்றாண்டில் மேவார் அரசர் முதலாம் செகத்சிங்கின் ஆணையால் 1649 முதல் 1653 வரை எழுந்த இராமாயணம் ஒரு மலை போன்றது. நானூறுக்கும் மேற்பட்ட ஓவியங்கள். படி எழுதியவர் சமணர் ஈரானந்தர். யுத்த காண்டத்தைத் தீட்டியவர் முசுலிம் ஓவியர் சாகிபுதீன். அவருடைய தாள்களில் காலம் வரிசையாக ஓடாது. ஒரே தாளில் கும்பகருணன் உறங்குகிறான், விழிக்கிறான், போருக்கு எழுகிறான், வீழ்கிறான். கண்தான் காலத்தைக் கோத்துக்கொள்ள வேண்டும். இன்று அவ்வேட்டின் பெரும்பகுதி இலண்டனில் பிரித்தானிய நூலகத்திலும், மற்றொரு பகுதி மும்பை அருங்காட்சியகம் முதலிய இடங்களிலும் உள்ளது. 2014இல் அவை இணையத்தில் மின்வடிவாக ஒன்றுசேர்க்கப்பட்டன.

ஆயினும் என் நெஞ்சம் தங்குவது வேறோர் இடத்தில். இமயத்தின் அடிவாரத்தில், காங்கிரா நாட்டில், குலேர் என்னும் சிற்றரசில் பண்டிதர் சேயு என்றோர் ஓவியர் வாழ்ந்தார். அவர் மூத்த மகன் மாணக்கு, இளையவர் நயின்சுகர். மாணக்கு 1725ஆம் ஆண்டளவில் தீட்டிய இலங்கை முற்றுகைத் தொடர் சிற்றோவியம் என்ற பெயருக்கே அடங்காதது. ஒவ்வொரு தாளும் ஏறத்தாழ 60 செ.மீ. உயரம், அகலம் 80 செ.மீ.க்கும் மேல். ஒருபுறம் பசுஞ்சரிவுகளில் குரங்குகளும் கரடிகளும் கூடிய சேனை. மறுபுறம் பொன் மதில்களால் ஆன இலங்கை. ஒற்றராக வந்து பிடிபட்ட சுகனையும் சாரணனையும் இராமன் விடுவிக்கும் தாள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலைக்கூடத்தில் இருக்கிறது. நம் கம்பன் பாடிய நிகழ்ச்சியும் அதுவே. கடலையே காணாத மலைநாட்டு ஓவியர் தமக்குத் தெரிந்த மலையைத்தான் இலங்கையாக்கினார் என்று அச்சரிவுகளைப் பார்க்கும்போது எனக்குத் தோன்றும். எங்கள் மலையும் அப்படித்தான் இருக்கிறது.

இதைவிட வியப்பு ஒன்று உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் காங்கிராப் பள்ளத்தாக்கில் தேயிலை நடப்பட்டது. பாலம்பூரைச் சூழ்ந்த தோட்டங்கள் 1905 ஏப்பிரல் 4ஆம் நாள் நேர்ந்த பெரும் நிலநடுக்கத்தில் சிதைந்து, பின் மெல்ல எழுந்தன. இலங்கையில் சேம்சு தெயிலர் லூல்கந்துரையில் வணிகத் தேயிலையை நட்டது 1867இல். இலங்கையை முற்றுகையிட்ட தாள்கள் பிறந்த பள்ளத்தாக்கும், முற்றுகையிடப்பட்டதாகத் தீட்டப்பெற்ற நாடும் ஒரே நூற்றாண்டில் ஒரே செடியின் நாடுகளாயின. மாணக்கு பசுமையாகத் தீட்டிய சரிவு போன்ற ஒன்றில்தான் இன்று அவ்வூர்ப் பெண்களும் கொழுந்து பறிக்கின்றனர்.

முற்றுகைத் தொடரின் அறிவியல் மதிப்பு அது முற்றுப்பெறாததில் இருக்கிறது. சில தாள்கள் முழுமையாக ஒளிர்கின்றன, சில பாதி வண்ணத்தோடு நிற்கின்றன, மற்றவை வெறுங்கோடுகள். நிலத்தை வெட்டிப் பார்த்தால் படைகள் தெரிவதுபோல, இத்தாள்களை அடுக்கிப் பார்த்தால் ஓவியம் கட்டப்பட்ட முறை தெரியும்.

முதலில் தாள். பல மெல்லிய தாள்களை மாப்பசையால் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தடிப்பாக்குவர். அதற்கு வசலி என்று பெயர். பூச்சி அரிக்காதிருக்கப் பசையில் மயில்துத்தம் சேர்ப்பதுண்டு. மயில்துத்தம் செப்பின் உப்பு. 1946இல் தேயிலையின் கொப்புள நோய் இலங்கைக்குள் நுழைந்தபோது எங்கள் தோட்டங்களைக் காத்ததும் செப்புச் சேர்வைகளே. தலவாக்கலை சென் கூம்சில் உள்ள தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் அந்நோயோடு பல ஆண்டு போராடினர். நுண்ணுயிரின் நொதியங்களைச் செப்பயன் முடக்கும். அது ஓவியத்தாளுக்கும் ஒன்றே, தேயிலைக் கொழுந்துக்கும் ஒன்றே.

தாளைக் கல்லால் தேய்த்து மெருகிட்டபின் அணில்வால் மயிரால் கட்டிய தூரிகையால் கோடிடுவர். சேதுவுக்கு மணல் சுமந்த அணில் என்று நாம் போற்றும் உயிரின் வால்மயிர் நுனி நோக்கி ஊசிபோல் கூர்ந்து, வயிற்றில் சாயத்தைப் பிடித்துக்கொள்ளும். மயிர்களுக்கிடையே உள்ள நுண்ணிடைவெளியில் நீரின் பரப்பிழுவிசை சாயத்தைத் தாங்கி நிற்பதால், நுனி தாளைத் தொடும்போது மட்டும் அது இறங்கும். முதற்கோட்டின்மேல் மெல்லிய வெண்பூச்சு ஒன்று பரவும். அதன் ஊடே மங்கலாகத் தெரியும் கோட்டைத் திருத்தி மீண்டும் வரைவர். பிறகு வண்ணம், வண்ணத்தின்மேல் மறுபடி மெருகு. தாளைக் கவிழ்த்துப் பின்புறம் தேய்க்கத் தேய்க்க, முன்புறத்து வண்ணத்துகள்கள் ஒன்றோடொன்று நெருங்கி எனாமல்போல் பளபளக்கும்.

வண்ணத்தைப் பிடித்துவைப்பது பிசின். பிசினுக்கும் கல்லுக்கும் இடையே நிகழும் ஒளியின் கதையை ஒருமுறை விளங்கிக்கொண்டால் இவ்வோவியங்கள் ஏன் இத்தனை அழுத்தமாக இருக்கின்றன என்பது தெளியும். மழையில் நனைந்த வெள்ளைத்துணி உள்ளிருப்பதைக் காட்டிவிடும். உலர்ந்த துணியில் பஞ்சிழைக்கும் காற்றுக்கும் முறிவுச்சுட்டியில் பெரும் வேறுபாடு. ஒளி ஒவ்வோர் எல்லையிலும் சிதறி வெண்மையாகத் திரும்பும். நீர் புகுந்ததும் வேறுபாடு குறையும், ஒளி ஊடுருவும். ஓவியத்தில் பிசினின் சுட்டி 1.5க்கு அண்மை. சுண்ணப்பொடியின் சுட்டி 1.6. ஆகையால் பிசினில் குழைத்த சுண்ணம் ஈரத்துணிபோல் மெலியும். ஈயவெள்ளைக்கு 2, சாதிலிங்கத்துக்கு ஏறத்தாழ 3. பிசினுக்குள் இருந்தும் இவை ஒளியைத் தடுத்துத் திருப்பும். ஒரே பூச்சில் கீழ்க்கோட்டை முற்றும் மறைத்து, இராவணன் ஆடையின் சிவப்பு வெட்டினாற்போல் நிற்பது இந்தச் சுட்டியின் வலிமை.

சாதிலிங்கம் இரசமும் கந்தகமும் கூடிய சேர்வை. ஏறக்குறைய 600 நானோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுடைய ஒளியையெல்லாம் அதன் இலத்திரன்கள் விழுங்கிவிடும். எஞ்சித் திரும்புவது செம்மை மட்டுமே. அரிதாரம் ஆசனிக்கும் கந்தகமும் கூடியது; அது நீலத்தையும் ஊதாவையும் மட்டுமே விழுங்குவதால் மஞ்சளாகத் தெரிகிறது. இலைப்பச்சைக்குத் தனிக்கல் தேடாமல் அவுரி நீலத்தில் அரிதாரத்தைக் கலந்துகொள்வதும் வழக்கம். பதக்சான் மலைகளிலிருந்து வந்த இராசவர்த்தக் கல்லின் நீலம் விலைமிகுந்தது. மூன்று கந்தக அணுக்கள் கூட்டுக்குள் சிறைபட்ட பறவைபோல் பளிங்கின் சிறு அறைகளில் அடைபட்டிருப்பதால் வரும் நீலம் அது. அறை உடைந்தால் நீலமும் போகும். அமிலம் பட்டால் அக்கல் வெளிறுவது அதனால்.

அரிதாரம் என்ற சொல்லை எழுதும்போது என் கை தயங்குகிறது. மாசி பங்குனியில் எங்கள் தோட்டங்களில் காமன்கூத்து நடக்கும். அருச்சுனன் தபசும் பொன்னர் சங்கரும் விடிய விடிய ஆடுவார்கள். ஆட்டத்துக்கு முன் முகத்துக்கு வண்ணம் இடுவதை "அரிதாரம் பூசுறது" என்போம். இப்போது பூசுவது நாகவெள்ளையும் கடையில் விற்கும் வண்ணப்பொடியும். கல் போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. மாணக்குவின் வண்ணக் கிண்ணத்தில் இருந்த அதே கனியத்தின் பெயரை, அதைக் கண்ணால் காணாத என் ஊர்க் கூத்தர்கள் ஒவ்வோர் ஆண்டும் உரக்கச் சொல்கிறார்கள். சொல்லொன்று இத்தனை தொலைவு நடந்து வரும் என்று நான் எண்ணியதில்லை.

இனிப் பொன். இலங்கை பொன்னால் ஆனது என்று வான்மீகி முதல் கம்பன் வரை கூறியதை ஓவியர் உவமையாகக் கொள்ளவில்லை, பொன்னையே பூசினர். தட்டி மெலிந்த பொன்தகட்டைப் பசையோடு விரலால் நெடுநேரம் தேய்த்து, நீரில் அலசி, அடியில் தங்கும் பொற்றூளைப் பிசினில் குழைப்பர். பூசி உலர்ந்ததும் அது மங்கலாக இருக்கும். வழுவழுப்பான கல்லால் அழுத்தித் தேய்த்தபின்தான் துகள்கள் தட்டையாகிக் கண்ணாடியாகும். சில ஓவியர் ஊசிநுனியால் நுண்குழிகள் குத்தி ஒளியைப் பல திசைகளில் சிதறச் செய்தனர். பொன் ஏன் மஞ்சள் என்று கேட்டால் விடை வியப்பானது. அதன் அணுக்கருவில் 79 புரோத்தன்கள். அவற்றின் ஈர்ப்புக்கு ஈடுகொடுத்துச் சுற்றும் உட்புற இலத்திரன்கள் ஒளியின் விரைவில் பாதிக்கும் மேலான விரைவை எய்துகின்றன. ஐன்சுடைனின் சார்புக் கொள்கைப்படி அவ்விரைவில் திணிவு கூடும், அவ்வோட்டுகள் சுருங்கும், அதன் விளைவாக வெளிப்புற ஆற்றல் மட்டங்கள் இடம்மாறும். அவ்வாறு நெருங்கிய மட்டங்கள் நீல ஒளியை விழுங்குகின்றன. அவ்விளைவு இல்லையேல் பொன்னும் வெள்ளிபோல் வெளுத்திருக்கும். இலங்கையின் மதில்கள் மஞ்சளாக ஒளிர்வது சார்புக் கொள்கையின் காட்சி.

வெள்ளிக்கு அந்தப் பேறு இல்லை. இராசபுத்திர ஓவியங்களில் ஆற்றுக்கும் நிலவுக்கும் வாளுக்கும் வெள்ளி பூசினர். காற்றில் கலந்த ஐதரசன் சல்பைட்டு அதைக் கருக்கிவிட்டது. இன்று பார்ப்பவர் ஓவியர் கரிய ஆற்றையே தீட்டினார் என்று நினைக்கக்கூடும். ஈயவெள்ளையும் அவ்வாறே கருகும். சாதிலிங்கம் ஒளியும் உப்பும் சேர்ந்தால் கருமையேறும். அரிதாரம் ஒளிபட்டு நிறமிழந்து வெண்ணீறாகும். அதனோடு கலந்திருந்த அவுரி தனித்துநிற்க, இலைகள் நீலமாகும். எல்லாவற்றிலும் கொடியது களிம்புப் பச்சை. செப்புக்குடத்தில் பச்சையாகப் பூக்கும் அக்களிம்பைப் புளித்த காடியால் வருவித்து வண்ணமாக்கினர். அதன் செப்பயன்கள் தாளின் நாரை ஒட்சியேற்றி நொறுக்கும். பழைய ஏடுகளில் பச்சை விளிம்புகள் பழுப்பாகி, கத்தியால் அறுத்ததுபோல் தாள் துண்டாய் விழுந்ததைக் காணலாம். பூச்சியிலிருந்து தாளைக் காத்த மூலகமே, அளவு மிகுந்து இடம் மாறியதும், தாளைத் தின்றது.

அழியாத பச்சை ஒன்றும் அம்மலைநாட்டில் உண்டு. குலேருக்கு அண்டை அரசாகிய பசோலியின் ஓவியர், அணிகலன்களில் மரகதம் பதிக்க வேண்டிய இடத்தில் பொன்வண்டின் சிறகுறையை நறுக்கி ஒட்டினர். பிள்ளைப்பருவத்தில் தீப்பெட்டிக்குள் இலையிட்டு வளர்த்தோமே, அந்த வண்டின் உறவு. அச்சிறகில் பச்சைச் சாயம் எதுவும் இல்லை. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பங்கே தடிப்புள்ள படைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்க, ஒவ்வொரு படையிலிருந்தும் திரும்பும் அலைகள் பச்சையில் மட்டும் ஒத்திசைந்து வலுக்கின்றன. தாளைச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறும். சாயம் இல்லாததால் மங்குவதற்கும் அங்கு ஒன்றும் இல்லை. முந்நூறு ஆண்டுக்கு முந்திய வண்டு இன்றும் மரகதமாக மின்னுகிறது.

இவற்றையெல்லாம் தாளைக் கீறாமல் எப்படி அறிந்தனர்? எக்சுக் கதிரை ஒரு புள்ளியில் பாய்ச்சினால் அங்குள்ள ஒவ்வொரு மூலகமும் தனக்கே உரிய ஆற்றலில் மறுமொழி தரும். 1913இல் மோசுலி கண்ட விதியின் பயன் இது. இரசம் 10 கிலோ இலத்திரன்வோல்ட் அருகே பேசும்; சாதிலிங்கம் பிடிபட்டுவிடும். ஆனால் அரிதாரத்தின் ஆசனிக்கும் செந்தூரத்தின் ஈயமும் ஏறத்தாழ 10.5 என்ற ஒரே சுருதியில் பேசும். மஞ்சள் ஆடையில் ஈயவெள்ளை கலந்திருந்தால் ஆய்வாளர் ஏமாறலாம். 11.7இல் இரண்டாவது குரல் எழுந்தால் ஆசனிக்கு, 12.6இல் எழுந்தால் ஈயம். அந்த மெல்லிய இரண்டாங்குரலுக்குக் காதுகொடுத்தே தீர்ப்புச் சொல்வர். செங்கீழ்க் கதிர் வண்ணங்களை ஊடுருவி, கரிக்கோட்டில் மட்டும் விழுங்கப்படுவதால் ஓவியர் முதலில் வரைந்து பின்னர் மாற்றிய கைகால்கள் வெளிப்படும். மாட்டின் சிறுநீரிலிருந்து வடித்த மஞ்சள் ஊதாக்கடந்த கதிரில் தானே ஒளிரும். மாவிலை தின்ற மாடுகளிலிருந்து அதை எடுத்ததைப் பற்றி 1883இல் திரைலோக்கியநாத முகர்சி எழுதிவைத்தார்.

இக்கருவிகள் வருமுன் இவ்வோவியங்களைத் திணைபிரித்துக் காட்டியவர் ஒரு கல்லியலார் என்பதும், அவர் நம் தீவினர் என்பதும் மலையகத்துப் பள்ளிகளில் உரக்கச் சொல்லப்பட வேண்டியவை. ஆனந்த குமாரசுவாமி 1877 ஆகத்து 22இல் கொழும்பில் பிறந்தார். தந்தை சேர் முத்துக்குமாரசுவாமி, தமிழர். தாய் எலிசபெத்து, ஆங்கிலேயர். இலண்டனில் நிலவியல் பயின்று, இலங்கைப் பாறைகளையும் காரீயத்தையும் பற்றி 1900இல் ஆய்வுரை வெளியிட்டார். 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய அளவாய்வுத் துறையின் பணிப்பாளராக மத்திய மலைநாடெங்கும் சம்மட்டியும் கைக்கண்ணாடியுமாகச் சுற்றினார். 1904இல் பலாங்கொடைப் பகுதி மாணிக்கச் சரளைகளில் கிடைத்து, அவர் விவரித்த கனமான கரிய கனசதுரப் பளிங்குகள், முதலில் யுரேனியக் கனியம் எனக் கருதப்பட்டு, பகுப்பாய்வில் பெரும்பகுதி தோரியம் ஒட்சைட்டு என்று தெளிந்தன. உலகுக்குத் தோரியனைற்று என்ற கதிர்வீசும் புதுக்கனியம் கிடைத்தது.

அதே பயணங்களில் ஊர்தோறும் ஓவியரையும் கொல்லரையும் கண்டு, அவர்கள் அரைக்கும் கல்லின் பெயரைக் குறித்துக்கொண்டார். கண்டிநாட்டுச் சிங்கள ஓவியர் சிவப்புக்குச் சாதிலிங்கம் என்றனர். தமிழர் சொல்லும் அதுவே. மஞ்சளுக்குக் கொகட்டு மரத்தின் பாலையும் வெண்மைக்கு மக்குலு என்ற களிமண்ணையும் கொண்டனர். 1908இல் வெளிவந்த இடைக்காலச் சிங்களக் கலை என்னும் ஆங்கிலப் பெருநூல் அக்குறிப்புகளில் விளைந்தது. கலைநூல் எழுதியவர் பலர் உளர். வண்ணம் எந்தக் கல், எந்தப் பிசின், எந்த மரம் என்று கேட்டவர் அக்காலத்தில் அரியர். பாறையைப் பார்த்தவர்தான் அப்படிக் கேட்க முடியும் என்பது என் துணிபு.

1916இல் அவர் இராசபுத்திர ஓவியம் என்ற இரு தொகுதி நூலை வெளியிட்டார். அதுவரை இந்தியத் தாளோவியம் எல்லாம் முகலாயச் சரக்காகவே எண்ணப்பட்டது. இராசத்தான வகை ஒன்று, இமயமலைச்சாரல் வகை ஒன்று எனப் பிரித்து, அவற்றின் உயிர்நிலை இதிகாசத்திலும் பத்தியிலும் உள்ளது என்று நிறுவினார். நிலவியலார் ஒரு கல்லைக் கையில் எடுத்ததும் இது எந்தப் படையிலிருந்து உடைந்தது என்று கேட்பர். அவர் தாளையும் அவ்வாறே கேட்டார். 1917இல் அவர் தொகுத்த ஓவியங்கள் பாசுடன் நுண்கலை அருங்காட்சியகம் சேர்ந்தன. அவரும் அங்கே காப்பாளராகச் சென்று 1947இல் மறையும்வரை பணியாற்றினார். இலங்கை முற்றுகையின் தாள்களும் அவற்றுள் இருந்தன.

அத்தொடரை அவர் சம்முவைச் சார்ந்ததாகக் கொண்டார். அது பிழை. 1968இல் கலை வரலாற்றறிஞர் பி. என். கோசுவாமி அம்மலையோவியத்தை ஆராய வேறு வழி பிடித்தார். ஓவியர்கள் இறந்தோர் சாம்பலைக் கரைக்க அரித்துவாரம் செல்லும்போது பண்டாக்கள் என்னும் பூசகரின் பதிவேட்டில் தம் குடிவழியை எழுதிவைப்பர். அவ்வேடுகளைப் புரட்டிச் சேயு, மாணக்கு, நயின்சுகர் என்ற குடும்பத்தை அவர் மீட்டெடுத்தார். நடையின் ஊற்று அரசவை அன்று, குடும்பம் என்றார். முற்றுகைத் தொடரும் தன் தாயகமான குலேருக்குத் திரும்பிற்று. குமாரசுவாமியின் கூற்று மாற்றப்பட்டதில் எனக்கு வருத்தமில்லை. யுரேனியம் என்றதைத் தோரியம் என்று திருத்திக்கொண்ட மரபில் வந்தவர் அவர். பெயரற்றுக் கிடந்த கைக்குப் பெயர் கிடைத்ததில் அவரும் மகிழ்ந்திருப்பார்.

ஈரம் நிறைந்த எங்கள் மலையில் இத்தகைய தாள் ஒன்று ஓராண்டு தொங்கினால் என்னாகும் என்று நான் கணக்கிட்டுப் பார்த்ததுண்டு. காற்றின் சாரீரப்பதன் நூற்றுக்கு 65ஐக் கடந்து நின்றால் பூஞ்சணம் முளைக்கும். தென்மேற்குப் பருவக்காலத்தில் தலவாக்கலையில் அது நாட்கணக்கில் அவ்வெல்லைக்கு மேலேயே நிற்கும். மாப்பசையும் பிசினும் பூஞ்சணத்துக்கு விருந்து. எனவே இலங்கையைத் தீட்டிய தாள்களை இலங்கை மலையில் வைத்துப் பார்க்கும் ஆசையை நான் விட்டுவிட்டேன். திரையில் விரித்துப் பார்க்கிறேன்.

அப்படிப் பார்க்கையில் முற்றுப்பெற்ற தாள்களைக் காட்டிலும் கோடுகளாக நின்றுபோனவற்றிலேயே நெடுநேரம் தங்குகிறேன். பொன் கடைசியில் பூசப்படுவது. அந்நிலைக்கு வராத தாள்களில் மதில் இருக்கிறது, மாடம் இருக்கிறது, மரம் இருக்கிறது, மலை இருக்கிறது. குரங்குகள் சரிவில் குந்தியிருக்கின்றன. இராமனுக்கு நீலம் ஏறவில்லை, அரக்கருக்குச் சிவப்பு ஏறவில்லை. எல்லாரும் ஒரே தாளின் நிறத்தில் இருக்கிறார்கள். இலங்கை பொன்னின்றி, வெறும் மலையூராக, எங்கள் சன்னலுக்கு வெளியே மூடுபனி விலகும்போது தெரியும் கோடுகளைப்போலவே கிடக்கிறது.